தலை போன சிலையும் முகம் காட்டாத பெண்ணும்: ஷாஸியா சிக்கந்தர் பற்றிப் பேசலாமா?

கருமுகில் (இழையைத் தொடங்கியவர்)

ஒரு சிலையில் ஆரம்பித்து ஒரு தாளுக்கு வரப்போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 8, விடியற்காலை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தைப் பெரில் புயல் புரட்டிக்கொண்டிருந்த நேரம். அங்குள்ள பல்கலைக்கழக வளாகத்தில் நின்ற 18 அடிப் பெண் சிலையின் தலையை யாரோ உடைத்துவிட்டார்கள். சிலையின் பெயர் 'விட்னெஸ்', அதாவது சாட்சி. பின்னிய கூந்தல் இரண்டு கொம்பாகச் சுருண்டிருக்கும். கைகால் இருக்க வேண்டிய இடத்தில் மரவேர் முறுக்கிக்கொண்டு நிற்கும். கழுத்தில் லேஸ் பட்டை, மறைந்த அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் அணிந்த மாதிரி. கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்பு ஒன்று, அந்த பிப்ரவரியில் சிலை வந்த நாளிலிருந்தே 'இது சாத்தான் வேலை' என்று கூச்சல் போட்டுக்கொண்டிருந்தது.

செய்தவர் ஷாஸியா சிக்கந்தர். 1969இல் லாகூரில் பிறந்தவர். தலை போன பிறகு அவர் சொன்னது இதுதான்: பழுது பார்க்க வேண்டாம், உடைந்தபடியே நிற்கட்டும்.

செய்தியில் எல்லாம் அவரைச் சிற்பி என்றே போட்டார்கள். ஆனால் அவர் கற்ற தொழில் சிற்பம் கிடையாது. லாகூர் தேசியக் கலைக் கல்லூரியில் பஷீர் அகமது என்ற ஆசிரியரிடம், தரையில் சம்மணமிட்டு, அணில் முடித் தூரிகையால் மொகலாய, பாரசீக, ராஜபுத்திர நுண்ணோவியங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து கற்றவர். முதல் சிற்பத்தை அவர் செய்ததே 2020இல்தான்.

அவருடைய பட்டப்படிப்பு வேலை 'தி ஸ்க்ரோல்', 1989-90இல் வரைந்தது. உயரம் ஒரு முழம்கூட வராது, நீளம் ஐந்தடிக்கு மேல். தேநீர்ச் சாயம் ஏற்றிய தாளில் ஒரு வீடு. அறை, முற்றம், படி, திரைச்சீலை எல்லாம் பாரசீக ஓவியங்களில் வருவதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்ந்து நிற்கும். ஆனால் வீடு நம் காலத்து வீடு. வீட்டு வேலை அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். இதற்கு நடுவில் வெள்ளை உடுத்திய ஒரு பெண் அறை அறையாகப் போய்க்கொண்டே இருப்பாள். உடல் கண்ணாடி மாதிரி, பின்னால் இருக்கும் சுவர் தெரியும். முகத்தைக் காட்டவே மாட்டாள். ஒரே தாளில் அவள் பல முறை வருகிறாள், நம் கண்தான் அவளைத் துரத்திக்கொண்டு போகிறது. கடைசி மூலையில் நமக்கு முதுகு காட்டி நின்று ஒரு படம் வரைந்துகொண்டிருக்கிறாள். படத்தில் இருப்பவளும் வெள்ளை உடுத்திய பெண்.

இருபது வயது மாணவி வரைந்தது. எனக்கு இன்னும் பொறாமை.

கேள்விக்கு வருகிறேன். ஒரு முழத் தாளில் தொடங்கிய கை 18 அடிச் சிலைக்குப் போனதை என்னவென்று எடுத்துக்கொள்வது? இன்னும் அவர் நுண்ணோவிய மரபில்தான் இருக்கிறாரா?

எதிர்க்காற்று

நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா கேள்வியிலேயே பதில் இருக்கே. நுண்ணோவியம், அதாவது மினியேச்சர்னா சின்னது. 18 அடிக்குச் சிலை வெச்சுட்டு 'நான் மினியேச்சர் மரபு'ன்னா, கடுகு டப்பாக்குள்ள யானை இருக்குன்னு சொல்ற மாதிரி.

எனக்கு வேற சந்தேகமும் உண்டு. 1990களில் அமெரிக்கா போனார், ரோட் ஐலண்டில் மேல்படிப்பு, 97இல் விட்னி மியூசியத்தோட பினாலே (ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற கண்காட்சி), 2006இல் மெக்கார்தர் உதவித்தொகை. அங்கே விலைபோக ஒரு 'கிழக்கத்திய' முத்திரை தேவை. அதுக்கு இந்த மொகலாயப் பூ வேலை வசதியா இருந்துச்சு. ஊர்ல இருந்து இதையே செஞ்சிருந்தா யாரு திரும்பிப் பார்த்திருப்பா?

கோடுபோட்டவர்

எதிர்க்காற்று தம்பிக்கு, முதலில் அந்தச் சொல்லைச் சரிசெய்துவிடுவோம். முப்பது வருடம் ஓவிய ஆசிரியராக இருந்தவன், இதை வகுப்பில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. மினியேச்சர் என்ற சொல் 'மினி'யிலிருந்து வரவில்லை. லத்தீனில் 'மினியம்' என்றால் ஈயச் செந்தூரம். ஏட்டில் தலைப்பெழுத்தைச் சிவப்பில் தீட்டும் வேலைக்கு அந்தப் பெயர். பிறகு ஏட்டுக்குள் வரையும் படத்துக்கு ஆகிவந்தது. சின்னது என்ற பொருள் ஒலியொற்றுமையால் பின்னால் ஒட்டிக்கொண்டது.

அக்பர் காலத்து ஹம்சாநாமாவை, ஹம்சா என்ற வீரனின் கதையைச் சொல்லும் பட ஏட்டை, பார்த்திருக்கிறீர்களா? ஏறக்குறைய 1,400 படங்கள். சுமார் 15 வருட வேலை. துணியில் வரைந்தது, ஒவ்வொன்றும் இரண்டடிக்கு மேல் உயரம். தொடக்கத்தில் பொறுப்பில் இருந்தவர் மீர் சையித் அலி, பிறகு அப்துஸ் சமத். இரண்டு பேரையும் பாரசீகத்திலிருந்து அழைத்து வந்தவர் ஹுமாயூன். 'மினியேச்சர்' என்று நாம் சொல்லும் மொகலாய ஓவியத்தின் முதல் பெரிய வேலையே மடியில் வைத்துப் பார்க்க முடியாத அளவு. சின்னதாக இருந்தால்தான் மரபு என்றால் அக்பரையே வெளியே அனுப்ப வேண்டியிருக்கும்.

எதிர்க்காற்று

சார், செந்தூரம் விஷயம் தெரியாது, வாங்கிக்கிட்டேன். இரண்டடிக்கும் 18 அடிக்கும் நடுவுல இன்னும் நிறைய இடம் இருக்கு, அதை விட மாட்டேன்.

பைண்டர்மகன்

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். கருமுகில் அக்கா, 'ஸ்க்ரோல்' வரைஞ்ச அந்தத் தாள் எப்படிப்பட்டது? கடையில வாங்குறதா?

கருமுகில்

இல்லை தம்பி, கையால் தயாரிப்பது. வஸ்லி என்பார்கள். மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, காயவைத்து, வழுவழுப்பான கல்லாலோ சங்காலோ தேய்ப்பார்கள். மேல்பக்கம் தந்தம்போல ஆகும்வரை தேய்ப்பு. தூரிகை முனை எங்கேயும் தடுக்கக்கூடாது. பசை கோதுமை மாவில் காய்ச்சுவது. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் நீலத் தோத்தா கலப்பார்கள்.

பைண்டர்மகன்

நீலத் தோத்தான்னா மயில்துத்தம்தானே!! எங்கப்பா பைண்டிங் கடை வெச்சிருந்தார். ஒரு கிலோ மைதாவைக் கட்டி தட்டாமக் கிண்டி, இறக்குறதுக்கு முன்னாடி மயில்துத்தம் போடுவார். பசை லேசா நீலப்பச்சையா மாறும். துத்தம் போடலைன்னா கரப்பான் புத்தகத்தோட முதுகைத் தின்னுடும். லெட்ஜரு, பஞ்சாயத்து ரெக்கார்டு எல்லாம் அந்தப் பசைதான். சினிமா போஸ்டர் ஒட்டுற பசையிலும் அதே துத்தம்தான், அது மாடு திங்காம இருக்க.

இப்பத்தான் எனக்கு இந்த இழை புரிய ஆரம்பிச்சிருக்கு. சக்கரவர்த்தி அரண்மனையிலயும் கரப்பான் இருந்திருக்கு.

கருமுகில்

தூரிகையும் அவர்களே செய்ததுதான். அணில் வால் முடியைச் சேர்த்துக் கட்டி, புறா இறகின் குழலுக்குள் விட்டு இழுப்பார்கள். முனை ஒற்றை முடியாகக் கூர்ந்து நிற்க வேண்டும். அணிலைக் கொல்ல வேண்டியதில்லை, வால் முடியைக் கத்தரித்துவிட்டு விட்டுவிடலாம்.

நம் ஊரில் கேட்டால் ராமர் தடவிய அணிலை எப்படித் தொடுவது என்பார்கள். லாகூர் அணிலுக்கு முதுகில் ஐந்து கோடு. நம் அணிலுக்குத்தான் மூன்று. ஆகவே பாவம் ஒட்டாது என்று வைத்துக்கொள்கிறேன்.

வரையும் முறையிலும் படிப்படி உண்டு. முதலில் 'சியா கலம்', கறுப்புக் கோடு மட்டும். அடுத்து 'நீம் ரங்', அரை வண்ணம், தேநீர் நிறச் சாயல். அதன் பிறகு 'கத் ரங்', கெட்டி வண்ணம். முகத்துக்கும் தோலுக்கும் 'பர்தாக்த்': ஈர்க்குபோல நூற்றுக்கணக்கான சிறு கீற்றுகளை அடுத்தடுத்து வைத்து நிழலைக் கட்டுவது. ஒரு கன்னத்துக்கே ஒரு நாள் போய்விடும். தேய்த்துக் கலப்பது என்ற பேச்சே இல்லை.

எதிர்க்காற்றுக்கும் ஒரு பதில். ஊரில் இருந்தபோதே அவர் வரைந்ததுதான் 'ஸ்க்ரோல்', அமெரிக்கா போனது அதற்குப் பிறகு. அவர் சேர்ந்த 1980களின் கடைசியில் கல்லூரியில் அந்தப் பாடத்துக்கு மதிப்பே கிடையாது. சுற்றுலாப் பயணிக்கு விற்கிற பொம்மைப் படம் என்று நவீன ஓவியக்காரர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். எல்லோரும் விட்டுப்போன வகுப்பில் போய் உட்கார்ந்தவரை 'வசதிக்கு எடுத்துக்கொண்டார்' என்பது நியாயமாகப் படவில்லை.

ஷார்ஜாவாசி

பத்து வருஷத்துக்கு மேல ஷார்ஜாவில். 2013 பினாலேவில் இவருடைய 'பேரலாக்ஸ்' பார்த்தேன். வெள்ளிக்கிழமை, ஏசி இருக்கும், டிக்கெட் கிடையாது. அதனால போனேன், பொய் சொல்ல விரும்பல.

மூணு புரொஜக்டர் சேர்ந்து சுவர் முழுக்க ஒரே படமா ஓடுது. கால் மணி நேரம். நூற்றுக்கணக்கான கையால் வரைஞ்ச படங்களை ஸ்கேன் பண்ணி அசைய விட்டது. விஷயம் ஹோர்முஸ் நீரிணை, எண்ணெய், கப்பல், யார் யாரோ வந்து பிடிச்ச கடல். இசை டூ யுன், சீனாவில் பிறந்தவர். ஒரு இடத்துல கறுப்பா ஏதோ ஆயிரக்கணக்கில் சுழண்டு வருது. பறவைக் கூட்டம்னு நினைச்சேன். பக்கத்துல இருந்தவர் வெளவால்னார். வெளியே வந்து குறிப்பைப் படிச்சா, அது கோபிகைகளோட கூந்தல்! தலையை விட்டுட்டு முடி மட்டும் தனியாப் பறக்குது.

நான் தினமும் கப்பல் சரக்கு ரசீது போடுறவன். அந்தக் கடலை யாராவது முடியா வரைவாங்கன்னு நினைச்சதே இல்லை.

கருமுகில்

அந்தக் கூந்தல் 2003இல் 'ஸ்பின்' என்ற அசைவுப் படத்திலேயே வந்துவிட்டது. மொகலாய தர்பார் மண்டபம். அரசரும் அமைச்சரும் நிற்க வேண்டிய இடத்தில் கோபிகைகள் நிறைந்துவிடுகிறார்கள். கண்ணன் எங்கேயும் இல்லை. அவன் இல்லாத கோபிகை யார் என்பதுதான் அங்கே விஷயம். கொஞ்ச நேரத்தில் கொண்டை மட்டும் உடம்பைக் கழற்றிவிட்டுக் கறுப்புப் பறவைகளாகக் கிளம்புகிறது. ஹூஸ்டன் சிலையின் கொம்புக் கூந்தலைப் பார்த்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

செம்பருத்தி

எல்லாம் சரி, ஆனால் இந்த இழை 'ஒற்றை ஆள் வந்தார், செத்த மரபை எழுப்பினார்' என்ற கதையாகப் போகிறது. எனக்கு அது உறுத்துகிறது.

மரபு சாகவில்லை, சிலர் கையில் இருந்தது. பாட்டியாலா அரண்மனைக்கு வரைந்த ஹாஜி முகமது ஷரீப் லாகூரில் சொல்லிக்கொடுத்தார். அவரிடமும் ஷேக் சுஜாவுல்லாவிடமும் கற்றவர் பஷீர் அகமது. 1980களின் தொடக்கத்தில் அதைப் பட்டப்படிப்புப் பாடமாக நிலைநிறுத்தியவர் அவர்தான். இன்னொரு பக்கம் ஜஹூர் உல் அக்லாக். 1960களில் லண்டனுக்குப் படிக்கப் போனவர், மொகலாய ஏடுகளை அங்கே அருங்காட்சியகத்தில் பார்த்துத் திகைத்து, ஏட்டின் ஓரக்கட்டு, சட்டகம், பக்க அமைப்பு இவற்றை நவீன ஓவியத்துக்குள் கொண்டுவந்தார். லாகூரில் படித்தவர்கள் தங்கள் ஊர் ஓவியத்தைப் பார்க்க லண்டன் போக வேண்டியிருந்தது, அது தனிச் சோகம்.

பின்னால் வந்தவர்களும் உண்டு. 2003இல் 'கார்கானா', அதாவது பட்டறை, என்று ஆறு பேர் சேர்ந்தார்கள்: இம்ரான் குரேஷி, ஆயிஷா காலித், ஹஸ்னத் மெஹ்மூத், நுஸ்ரா லத்தீஃப் குரேஷி, தல்ஹா ரத்தோர், சாய்ரா வசீம். சிலர் லாகூரில், ஒருவர் மெல்போர்னில், ஒருவர் நியூயார்க்கில், ஒருவர் சிகாகோவில். ஒவ்வொருவரும் இரண்டு தாளில் தொடங்கி அடுத்தவருக்குத் தபாலில் அனுப்பினார்கள். தாள் ஆறு கையும் சுற்றி வந்தது, மொத்தம் 12 ஓவியம். முந்தையவர் வரைந்த முகத்தின்மேல் அடுத்தவர் துணிந்து வண்ணம் பூசலாம், அழிக்கலாம், யாரும் கேட்கக்கூடாது.

கோடுபோட்டவர்

செம்பருத்தி சொல்வது முக்கியம். அரண்மனைப் பட்டறையும் அப்படித்தான் நடந்தது. ஒருவர் கோடு, இன்னொருவர் வண்ணம், முகத்துக்குத் தனி ஆள். ஜஹாங்கீர் தன் நினைவுக் குறிப்பில் பெருமை அடித்துக்கொள்கிறார்: ஒரே முகத்தில் கண்ணையும் புருவத்தையும் வேறொருவர் வரைந்திருந்தால்கூட, எது யார் கை என்று தன்னால் சொல்ல முடியுமாம். நம்புகிறேனோ இல்லையோ, அப்படி ஒரு அரசன் பார்த்துக்கொண்டிருந்தால் கை நடுங்கத்தான் செய்யும்.

எதிர்க்காற்று

இம்ரான் குரேஷின்னா நியூயார்க் மெட் மியூசியம் மொட்டைமாடி முழுக்க ரத்தச் சிவப்பைக் கொட்டினவர்தானே? 2013. தூரத்துல பார்த்தா கொலை நடந்த இடம், கிட்டப் போய்க் குனிஞ்சா சிந்தின சிவப்புல இருந்து மொகலாய இலையும் இதழும் ஒவ்வொண்ணாக் கிளம்புது. போட்டோவுலதான் பார்த்தேன். அதுக்கு நான் தலை வணங்குறேன். ஏன்னா அங்கே குனிஞ்சு பார்க்கணும். கிட்ட போய்க் குனிய வைக்கிறதுதான் இந்த மரபுன்னு நான் நினைக்கிறேன். 18 அடி சிலையை அண்ணாந்துதானே பார்க்கணும்? என் சண்டை அங்கேதான்.

கருமுகில்

இது நல்ல சண்டை. முழுப் பதில் என்னிடம் இல்லை. சிலையின் பாவாடை வெறும் வளையச் சட்டகம், உள்ளே தெரியும்; அதில் வண்ணச் சில்லுகள் பதித்திருக்கிறது. சில்லுச் சில்லாக ஒட்டும் அந்த வேலையில் எனக்குப் பர்தாக்த் தெரிகிறது. ஆனால் 'குனிய வைப்பது' என்ற அளவுகோலில் உங்களுக்கு ஒரு மதிப்பெண் கொடுத்துத்தான் ஆக வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சிலையைவிட 'ஸ்க்ரோல்'தான் பெரிது.

ஷார்ஜாவாசி

இது யாரோட மரபுன்னு ஒரு சண்டை இன்னும் வரலையே? எங்க ரூம்ல ஒரு லாகூர்க்காரரும் ஒரு ஜெய்ப்பூர்க்காரரும் இருந்தாங்க, இதைக் காட்டியிருந்தா அன்னிக்குச் சோறு வெந்திருக்காது.

செம்பருத்தி

அதையும் பாகம் பிரித்தாகிவிட்டது. 1948இல் லாகூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பையே 60:40 என்று பிரித்து, இந்தியாவின் பங்கை இந்தப் பக்கம் அனுப்பினார்கள். இன்று சண்டிகர் அருங்காட்சியகத்தில் இருப்பது அந்தப் பங்கு. அண்ணன் தம்பி அண்டா குண்டான் பிரிப்பதுபோல ஓவியத்தைப் பிரித்தார்கள். சிக்கந்தர் படத்தில் கோபிகையும் மொகலாய மண்டபமும் ஒரே தாளில் உட்கார்ந்திருப்பதை நான் இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

கோடுபோட்டவர்

சிலையின் தலைக்குத் திரும்புகிறேன். கருமுகில் தொடங்கியதும் அங்கேதானே.

ஹம்சாநாமாவின் 1,400 படங்களில் இன்று மிஞ்சியவை சில நூறுகூடத் தேறாது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் பக்கங்களை 1881இல் ஸ்ரீநகரில் வாங்கினார்கள். அவற்றில் சில ஒரு வீட்டு ஜன்னலைக் குளிருக்கு அடைக்கப் பயன்பட்டவை. அந்தப் பக்கங்களை நன்றாகப் பார்த்தால் மரம் அப்படியே இருக்கும், பாறை இருக்கும், உடையின் பூ வேலை இருக்கும், முகம் மட்டும் இருக்காது. உருவம் வரைவது தவறு என்று எண்ணிய யாரோ எப்போதோ சுரண்டி எடுத்துவிட்டார்கள். வீரன் கத்தியை ஓங்கி நிற்பான், கழுத்துக்கு மேலே வெறும் துணி.

அப்படியேதான் மாட்டி வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படியேதான் பார்க்கிறோம். அந்த ஓட்டையைப் பார்க்காமல் இனி அந்தப் படத்தைப் பார்க்க முடியாது.

இந்த ஏடுகளைப் பார்த்து வளர்ந்த ஒருவர் 'என் சிலைக்குத் தலை வைக்காதீர்கள்' என்று சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. உயரத்தை வைத்து நான் வாதாடவில்லை, எதிர்க்காற்று தம்பி. அந்த முடிவு ஏடு பார்த்த கண்ணிலிருந்து வந்தது என்கிறேன், அவ்வளவுதான்.

எதிர்க்காற்று

சார், இந்த ஒரு பதிவுக்காக என் சந்தேகத்துல பாதியைத் திரும்ப எடுத்துக்கிறேன். மீதிப் பாதி என்கிட்டேயே இருக்கட்டும். சுரண்டினவன் பேரு நமக்குத் தெரியாது, வரைஞ்சவன் பேரும் பாதிக்குத் தெரியாது. இங்கே வரைஞ்சவர் டிவியில பேட்டி கொடுக்குறார். ரெண்டும் ஒண்ணு இல்ல.

கருமுகில்

அதுவும் சரிதான். 'ஸ்க்ரோல்' பெண்ணைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவளுக்கு முகத்தை வரையாமல் விட்டது வரைந்தவரே. யாரும் சுரண்டவில்லை.

பைண்டர்மகன்

மூணு நாளாச்சு, இழை தூங்குது, ஆனா நான் தூங்கல. நாலு தாள் ஒட்டி வஸ்லி போட்டேன். மைதாதான், அப்பா அளவு. காஞ்சதும் அப்பளம் மாதிரி ஒரு பக்கமாச் சுருண்டுக்கிச்சு. ஏன்?

கோடுபோட்டவர்

எல்லாத் தாளுக்கும் நார் ஒரே பக்கமாக ஓடியதா? உங்கள் அப்பா இதைச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டாரே. ஒட்டியவுடன் வெயிலில் போடாதீர்கள். இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே கனம் ஏற்றி, நிழலில் விடுங்கள். துத்தம் விஷம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பைண்டர்மகன்

நார் ரெண்டு குறுக்கே, ரெண்டு நெடுக்கே. அப்பா இருந்திருந்தா ஸ்கேலாலேயே போட்டிருப்பார். மறுபடி ஒட்டி, பழைய லெட்ஜர் எட்டை மேல ஏத்தியிருக்கேன். தேய்க்கிறதுக்குச் சங்கு இல்ல, அம்மாவோட பல்லாங்குழிச் சோழியை எடுத்தேன். திட்டு வாங்கியாச்சு. முதல் தாள்ல ஒரு ஓரம் மட்டும் தேய்ச்சுப் பார்த்தேன், விரல் வழுக்குது. நடுவுல ஒரு குமிழி இருக்கு, அதை என்ன பண்றதுன்னு யாராவது சொல்லுங்க.